சாட்டிலைட் படத்தில் மைமூன் வீடு இல்லை

நான் ஓய்வு பெற்ற பிறகு என்னைப் பற்றி நம் துறையில் இரண்டு பேச்சு உலவுகிறது. கல்யாண மண்டபத்துச் சுவரை இடித்த பொம்பளை என்பது ஒன்று. கம்ப்யூட்டர், சாட்டிலைட் என்றாலே ஆகாதவள் என்பது இன்னொன்று. முதலாவது உண்மை. இரண்டாவது சுத்தப் பொய். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் இரண்டையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தென்காசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீ குடிக்க நின்றால் மூன்றாவதாகவும் ஏதாவது கிடைக்கும். அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

குளம், மடை, கால்வாய் என்று பாசனப் பொறியாளராகவே என் உத்தியோகம் முழுக்கக் கழிந்தது. கம்ப்யூட்டரில் உலக உருண்டையைச் சுழற்றி, இந்தியாவை நெருங்கி, தென்காசியை நெருங்கி, கடைசியில் உங்கள் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் பார்க்கிற மென்பொருள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, அதை முதலில் கற்றுக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. முதல் நாள் யாரும் வேலை பார்க்கவில்லை. அவரவர் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தோம். தட்டச்சராக இருந்த அம்மாள் ஒருவர் மட்டும் முகம் சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். "எங்க வீட்டுப் பாத்ரூமுக்கு மேல ஓடே கெடையாது மேடம். இவ்வளவு தூரம் தெரியுமா இதுல?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே தகரம் வாங்கிப் போட்டுவிட்டார். அவர் கேட்டது சரியான கேள்வி என்று எனக்கு உறைக்கக் கொஞ்சக் காலம் ஆனது.

மற்றபடி எனக்கு அது பெரிய வரம். எந்தக் கால்வாய் தூர்ந்து கிடக்கிறது, எந்தக் குளத்துக்குள் வேலி போட்டிருக்கிறார்கள் என்றெல்லாம் நடந்து பார்த்து முடிக்க ஒரு வருஷம் ஆகும். உருண்டையில் ஒரு மத்தியானத்தில் கண்ணில் பட்டுவிடும். பழைய வருஷத்துப் படங்களையும் அதில் ஒவ்வொன்றாகப் பின்னுக்குத் தள்ளிப் பார்க்கலாம். நேற்று குளமாக இருந்தது இன்று மனையாக மாறுவதைச் சினிமா மாதிரி ஓட்டிப் பார்க்கலாம். அப்படிப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தவள் நான். என்னைப் போய் கம்ப்யூட்டர் ஆகாதவள் என்கிறார்கள்.

அந்தப் படத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியவந்தது குற்றாலத்தில். அப்போது எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் ஐந்தருவிக்கு மேலே, காட்டு ஓரத்தில், ஒரு சிறிய தடுப்பணை கட்ட இடம் தேடிக்கொண்டிருந்தார். உருண்டையில் பார்த்து, இரண்டு சரிவுக்கும் நடுவில் சமதளமாகத் தெரிந்த ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, மதிப்பீடும் போட்டு அனுப்பிவிட்டார். பிறகுதான் வனத்துறை அனுமதி கிடைத்து நேரில் பார்க்கப் போனோம். சாரலில் நனைந்து, காலெல்லாம் அட்டை கடிக்க ஏறிப் போனால், அங்கே சமதளமே இல்லை. செங்குத்தான பள்ளம். பள்ளத்திலிருந்து ஓங்கி வளர்ந்த மரங்களின் தலைகள் எல்லாம் ஒரே மட்டத்தில் பாய் விரித்த மாதிரி நின்றிருந்தன. மென்பொருள் தரை என்று காட்டியது அந்த மரத்தலைகளை.

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவரோ ஒரு பாறையில் உட்கார்ந்து, காலில் ஒட்டியிருந்த அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார்.

"நல்லவேளை, ஏறி வந்து பாத்தோம்மா. படம் நம்மள ஏமாத்தல. மரத்துக்குக் கீழ என்ன இருக்குன்னு நாமதான் அதுகிட்ட கேக்கவே இல்ல" என்றார்.

மறுநாளே தன் மதிப்பீடு தப்பு என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டார். என்னிடம் ஒன்று சொன்னார்: "எந்தப் படத்தைக் காட்டினாலும் ரெண்டு கேள்வி கேளுங்க. இத எப்ப எடுத்தாங்க? இதுல எது தெரியாது? இந்த ரெண்டையும் யாரு கேக்க விடலியோ, அவங்ககிட்ட கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க." அப்படிப்பட்ட மேலதிகாரி எனக்கு வாய்த்தது அந்த ஒரு முறைதான். உங்களுக்கும் ஒரு முறையாவது வாய்க்கட்டும்.

இனி அந்தச் சுவர் விஷயத்துக்கு வருகிறேன்.

அது நான் ஓய்வு பெறச் சில வருஷம் இருக்கும்போது வந்த கார்த்திகை மழை. அடித்தது என்றால் அப்படி ஓர் அடி. குற்றாலத்தில் அருவிக்குப் பக்கத்தில்கூட யாரையும் விடவில்லை. புளியறைப் பாதையில் மண் சரிந்து லாரிகள் வரிசையாக நின்றன. தென்காசிக்கும் குத்துக்கல்வலசைக்கும் இடையில் இருந்த குளம் ஒன்று என் பொறுப்பு. அதன் பெயர் வேண்டாம், குளம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிரிவுக்கு நான் மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் அது தளும்பத் தளும்ப நின்றது.

குளத்தின் கரை தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும். நடுவில் பழைய மடை. மடைக்குக் கீழே கிழக்கில் நெருக்கமான தெருக்கள், ஒரு பள்ளிக்கூடம். காலையில் நான் போனபோது மடைக்குப் பக்கத்தில் கரையின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. தெளிந்த தண்ணீராகக் கசிந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அது கலங்கலாக வந்தது. கரையின் வயிற்றுக்குள்ளிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். மணல் மூட்டை அடுக்கினோம். ஆனால் குளத்து மட்டம் இறங்காமல் எத்தனை மூட்டை அடுக்கியும் பிரயோஜனமில்லை என்று எனக்கும் தெரியும், என்கூட நின்ற உதவிப் பொறியாளர் சுடலைமுத்துவுக்கும் தெரியும்.

குளம் நிறைந்தால் உபரித் தண்ணீர் தானாக வெளியேற மறுகால் என்று ஒன்று இருக்க வேண்டும். இந்தக் குளத்துக்கும் தெற்குக் கோடியில் மறுகால் இருந்தது. ஆனால் அதிலிருந்து இறங்குகிற தண்ணீர் நாலடி போனதும் ஒரு கல்யாண மண்டபத்தின் சுற்றுச்சுவரில் முட்டி நின்றது. சுவருக்கு அடியில் இரண்டு சின்னக் குழாய். அவ்வளவுதான் வழி. குளத்தில் சேருகிற தண்ணீருக்கும் அந்தக் குழாய் வழியாகப் போகிற தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை.

அந்த நேரத்தில் மேலதிகாரி (குற்றாலத்தில் சிரித்தவர் இல்லை, இவர் வேறு) செல்போனில் வீடியோ கூட்டம் போட்டார். குடைக்குள் சுடலைமுத்துவும் நானும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். திரையில் உருண்டை ஓடியது. எங்கள் குளம் வந்தது. சுட்டி வடக்குக் கோடிக்கு நகர்ந்து, கரைக்கு வெளியே காவி நிறமாகக் கிடந்த தரையை ஒரு வட்டம் போட்டது.

"இங்க பாருங்க. வடக்குப் பக்கம் வெறும் பொட்டல். ஒரு குடிசை கெடையாது. அந்த இடத்துல கரையை வெட்டி விட்டுருங்க. ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரணும். ஜேசிபி வந்துக்கிட்டிருக்கு" என்றார் மேலதிகாரி.

கூட்டத்தில் இருந்த எல்லோரும் சரி என்றார்கள். பார்க்கிற யாருக்கும் அது சரி என்றுதான் படும். ஒரு பக்கம் ஜனம் நெருங்கி வாழும் தெருக்கள், இன்னொரு பக்கம் வெறும் பொட்டல். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"இந்தப் படம் எப்ப எடுத்தது சார்?" என்று கேட்டேன்.

"இப்ப அதுவாம்மா முக்கியம்?" என்றார் மேலதிகாரி.

"கீழ ஓரத்துல தேதி இருக்கும் சார். வாசிச்சுச் சொல்லுங்க."

அவர் வாசிக்கவில்லை. சுடலைமுத்து தன் போனில் அதே இடத்தைத் திறந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "மூணு வருஷத்துக்கு முந்தினது மேடம். கோடையில எடுத்திருக்காவ."

"மூணு வருஷத்துல பொட்டல் என்ன பட்டணமாவா ஆயிரும்?" என்றார் மேலதிகாரி.

குத்துக்கல்வலசைப் பக்கம் அப்போது மாதத்துக்கு ஒரு தெரு முளைத்துக்கொண்டிருந்தது. ஆகிவிடும் சார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கூட்டத்தை முடித்துவிட்டார்.

வடக்குக் கோடியில் கரை முழுக்கக் கருவேலம் அடைத்துக் கிடந்தது. நின்ற இடத்திலிருந்து, அதுவும் அந்த மழையில், அந்தப் பக்கம் எதுவும் தெரியாது. "அங்கன ஒரு மர அறுவை மில்லு இருக்குன்னு சொல்லுவாவ மேடம். ஆளு குடியிருக்காவளான்னு தெரியல" என்றான் சுடலைமுத்து. "வண்டிய எடு" என்றேன். கரை மேலேயே சேற்றில் வழுக்கி வழுக்கிப் போனோம். அங்கே ஜேசிபி வந்து நின்றிருந்தது. அதை ஓட்டுகிற மாரியப்பன் பாவூர்சத்திரத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். "எங்கன வெட்டணும் மேடம்?" என்று கேட்டார். "எஞ்சினை நிறுத்துங்க. நான் இறங்கிப் பாத்துட்டு வரேன்" என்றேன்.

முள்ளை விலக்கிக்கொண்டு கரைக்கு அந்தப் பக்கம் இறங்கினேன்.

முதலில் கண்ணில் பட்டது ஒரு கொடியில் தொங்கிய பிள்ளைத் துணிகள். மழையில் நனையாமல் இருக்கத் தகரத் தாழ்வாரத்துக்குள் கட்டியிருந்தார்கள். மர மில்லுக்குப் பின்னால் வரிசையாகத் தகரக் கொட்டகைகள். ஒடிசாவிலிருந்து வந்து மில்லில் வேலை பார்க்கிறவர்களின் குடும்பங்கள். கொட்டகைகளைத் தாண்டி ஏழெட்டுப் புது வீடுகள். பூசியும் பூசாமலும், மாடியில் கம்பி நீட்டிக்கொண்டும் நின்றன. எல்லாமே கரையின் உயரத்துக்குக் கீழே, பள்ளத்தில். ஊருக்குள் போகிற ஒரே சந்தில் காலையிலிருந்தே இடுப்பளவுத் தண்ணீர்.

பூசாத வீடு ஒன்றின் வாசலில் ஒரு பெண் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் முக்காடு, கையில் போன்.

"ஜேசிபி சத்தம் கேட்டுதே, என்ன மேடம் செய்யப் போறிய?" என்று கேட்டாள். அவள் பெயர் மைமூன்.

"இங்க எத்தனை குடும்பம் இருக்கீங்க?"

"இந்த வரிசையில நாங்க இருக்கோம். கொட்டாயில அவிய இருக்காவ. அதுல ஒரு பிள்ளைக்கு முந்தாநாத்துதான் பிரசவம் ஆச்சி. என் மாமியா எந்திரிக்க மாட்டாவ, படுத்த படுக்கை. எதுக்குக் கேக்கிய? கரைய வெட்டப் போறியளா?"

அவள் போனைத் திருப்பி என்னிடம் காட்டினாள். அவள் கணவர் சாகுல் சவுதியில் உள்ள தமாமிலிருந்து வீடியோவில் இருந்தார். வேலை செய்கிற இடத்தில் நின்று பேசினார் போல, தலையில் மஞ்சள் தொப்பி.

"மேடம், நீங்க எந்தப் படத்தைப் பாத்துட்டு வந்தியன்னு எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் தெனமும் பாக்கேன். என் வீடு எழும்பிட்டான்னு சாட்டிலைட்ல தேடிக்கிட்டே இருக்கேன். வெறும் மண்ணாத்தான் காட்டுது. ரூம்ல உள்ள பயலுவ, ஏலே ஒன் பொண்டாட்டி பொய் சொல்லுதா, வீடே கெட்டலன்னு சிரிக்கானுவ. வீடு இருக்கு மேடம். எங்க உம்மா உள்ளதான் படுத்திருக்கு. நல்லாப் பாத்துக்கிடுங்க."

பார்த்தேன். உள்ளே போய் அந்த அம்மாவையும் பார்த்தேன். கொட்டகையில் பிள்ளை பெற்றவளையும் பார்த்தேன். தமிழ் தெரியாத அவளிடம் நான் என்ன சொல்ல? அவள் புருஷன் தண்ணீர் வருகிறதா என்று சைகையில் கேட்டான். இல்லை என்று தலையாட்டிவிட்டேன். தலையாட்டிய பிறகுதான் நான் என்ன முடிவு எடுத்திருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

கரைமேல் ஏறி மேலதிகாரியைக் கூப்பிட்டேன். "ஆள் இருக்காங்க சார். ஏழெட்டு வீடு, மில்லுக்காரங்க கொட்டகை வேற. வெட்ட முடியாது."

"வெளியேத்திட்டு வெட்டுங்க."

"வெளியே போற சந்துல இடுப்பளவு தண்ணி. படுக்கையில கிடக்கிறவங்க, பச்சை உடம்புக்காரி எல்லாம் இருக்காங்க. ஒரு மணி நேரத்துல நடக்காது சார்."

"அவங்க எல்லாம் அனுமதி வாங்கிக் கட்டினவங்களா? கொட்டகைக்காரங்களுக்கு இங்க ரேஷன் கார்டாவது இருக்கா?"

"நீங்களும் நானும் இத இப்ப பேசக் கூடாது சார்."

அவர் குரல் மாறியது. "நடுக்கரை உடைஞ்சா தண்ணி ஊருக்குள்ள போகும். பள்ளிக்கூடம் இருக்கு. அந்தப் பழி உங்க தலையிலதான் விழும். எழுத்துல தரவா?"

"தாங்க சார். நானும் எழுத்துல தரேன். வடக்குக் கரையை வெட்ட மாட்டேன்."

போனை வைத்தேன். இதில் வீரமெல்லாம் ஒன்றும் இல்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை. நடுக்கரை உடைந்தால் உடைந்ததுதான். முடியாது என்று சொன்னதோடு என் வேலை முடியவில்லை, அங்கேதான் ஆரம்பித்தது. இதை நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு தப்பான உத்தரவை மறுக்கிறவன் அந்த நிமிஷமே வேறு வழியைத் தேடியாக வேண்டும்.

கருவேல மரத்தடியில் குடைக்குள் குந்தி உட்கார்ந்து அதே உருண்டையைத் திறந்தேன். குளத்தின் தெற்குக் கோடிக்குப் போனேன். பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பின்னுக்குத் தள்ளினேன். இருப்பதில் புதிய படத்தில் மண்டபத்தின் கூரையும் சிமெண்டு முற்றமும். அதற்கு முந்தையதில் கூரை மட்டும், சுவர் இல்லை. இன்னும் முந்தையதில் மண்டபமே இல்லை. மறுகாலிலிருந்து கோடு கிழித்த மாதிரி ஓர் ஓடைக்கால் நேராகக் கீழே போய், பெரிய ஓடையில் சேர்ந்தது. பச்சைப் பசேலென்று இரண்டு கரையும் தெரிந்தது. தண்ணீர் போன வழி. சுவரைத் திறந்துவிட்டால் தண்ணீர் அதே வழியில் போகும்.

ஆனால் இந்தப் படமும் படம்தானே? வடக்கில் என்னை ஏமாற்றப் பார்த்தது தெற்கில் மட்டும் உண்மை பேசுமா? சுடலைமுத்துவை அனுப்பினேன். "ஓடை வழியா பெரிய ஓடை வரைக்கும் போ. வழியில மனுஷங்க யாராவது இருக்காங்களான்னு நேர்ல பாரு. கண்ணால பாத்ததை மட்டும் எனக்குச் சொல்லு." அவன் பாதி வண்டியிலும் பாதி நடந்தும் போய்விட்டுக் கூப்பிட்டான். மூச்சு வாங்கியது.

"வீடு ஒண்ணும் இல்ல மேடம். ஒரு ஆட்டுக் கிடை இருந்துது, மேட்டுக்கு ஏத்திவிடச் சொல்லிட்டேன், ஓட்டிக்கிட்டிருக்காவ. ஆனா வயலு இருக்கு. பொதி கட்டி, கதிரு வெளிய வர்ற பருவத்துல நெல்லு நிக்கி. போனா போச்சி மேடம் அது."

"யாரு வயலு?"

"சங்கரலிங்க அண்ணாச்சியோட வயலு. பக்கத்துலயும் ரெண்டு மூணு பேரு."

நெல்லா, பிள்ளை பெற்றவளா என்று கேட்டால் பதில் சுலபம். அந்த நெல்லை விதைத்தவரின் முகத்தைப் பார்த்துச் சொல்வது சுலபமில்லை. இருந்தும் முடிவு செய்தேன்.

மாரியப்பனிடம் வந்து, "வண்டியத் தெற்கே விடுங்க. கல்யாண மண்டபத்துச் சுவர இடிக்கணும்" என்றேன்.

அவர் பீடியைக் கீழே போட்டார். "அந்த மண்டபமா மேடம்? அது யாரு எடம்னு தெரியும்லா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"நாளைக்கு என்னையத்தான் பிடிப்பாவ."

என் பையில் இருந்த தாளை எடுத்து, என் உத்தரவின்பேரில்தான் இடிக்கிறார், முழுப் பொறுப்பும் என்னுடையது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மழையில் நனையாமல் பாலிதீன் உறையில் போட்டுக் கொடுத்தேன். அதற்குள் திரும்பி வந்துவிட்ட சுடலைமுத்து ஓடி வந்து, "நானும் போடுதேன் மேடம்" என்றான். "நீ போடாத. உனக்கு இன்னும் ரொம்ப வருஷம் சர்வீஸ் இருக்கு" என்று தடுத்துவிட்டேன். அவன் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

மண்டபத்தில் மறுநாள் கல்யாணம். வாசலில் குலை தள்ளிய வாழை மரம் கட்டியிருந்தார்கள். பின்பக்கம் சமையல்காரர்கள் அண்டாக்களை வரிசையாக வைத்துக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு மேலே ஜேசிபியின் கை எழுந்ததும் மேனேஜர் கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"யாரு சொன்னா ஒங்களுக்கு? இது பட்டா எடம்! முதலாளிகிட்ட பேசுங்க, இந்தாங்க போனு!"

"முதலாளிகிட்ட அப்புறம் பேசறேன். உள்ள இருக்கிற எல்லாரையும் மாடிக்கு ஏத்துங்க. அண்டாவையும் ஏத்துங்க. பத்து நிமிஷம் தரேன்."

"முகூர்த்தம் இருக்கு மேடம் நாளைக்கி! பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு யாரு பதில் சொல்லுவா?"

உள்ளேயிருந்து பெண்ணின் தாய்மாமன் வந்தார். கோபமாகத்தான் வந்தார். மறுகாலில் முட்டிக்கொண்டு நின்ற தண்ணீரை எட்டிப் பார்த்தார். சுவர் தானாகச் சரிந்தால் முதலில் யார் தலையில் விழும் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். திரும்பி, "ஏ, அண்டாவத் தூக்குங்கல! மொதல்ல மேல ஏறுங்க எல்லாரும்!" என்று சத்தம் போட்டார். நறுக்கின காய் எல்லாம் கூடையோடு மாடி ஏறியது.

மேனேஜர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். நான் போய் அவர் பக்கத்தில் நின்றேன். "நீங்க நகர்ற வரைக்கும் நானும் இங்கதான் நிக்கப் போறேன். சுவர் விழுந்தா ரெண்டு பேரும் சேர்ந்து போவோம்" என்றேன். சிரிப்பாக இருந்தது, ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

மாரியப்பன் கையை இறக்கினார். முதல் குத்தில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் விரிசல். மூன்றாவதில் சுவர் சரிந்ததும், தண்ணீர் அதுவாகவே மிச்சச் சுவரைத் தள்ளிக்கொண்டு போனது. சிமெண்டு முற்றத்தின் மேல் பாய்ந்து, பந்தல் கால்களைப் பிடுங்கி, முன்வாசல் வழியாக இறங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது பயம். பிறகுதான் நிம்மதி. பழைய படத்தில் கோடாகத் தெரிந்த அதே வழியில், யாரும் சொல்லிக் கொடுக்காமல், தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

சாயங்காலத்துக்குள் குளத்து மட்டம் கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கியது. மடைக்குப் பக்கத்தில் கசிவு குறைந்து, கலங்கல் தெளிந்தது. நடுக்கரை நின்றது. ஊருக்குள் ஒரு வீட்டு வாசலில்கூடத் தண்ணீர் ஏறவில்லை. வடக்கில் மைமூன் வீட்டில் அடுப்பு எரிந்தது. மண்டபத்துக் கல்யாணம் மறுநாள் மாடியில் நடந்தது.

எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். சங்கரலிங்க அண்ணாச்சியின் நெல் போயே போய்விட்டது. நான்தான் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "ஆளக் காப்பாத்தினிய, சரி. எங்கிட்ட ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா?" என்று மட்டும் கேட்டார். நேரமில்லை என்றேன். அது உண்மை. ஆனால் அவர் முகத்துக்கு முன்னால் அது ரொம்பச் சின்ன உண்மையாக இருந்தது. நிவாரணத்துக்கு அவர் கூடவே அலைந்தேன். கிடைத்தது கொஞ்சம். அதற்குப் பிறகு ரோட்டில் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்லுவார், நின்று பேச மாட்டார்.

அடுத்த மாதமே எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. உத்தரவை மீறினேன், தனியார் சொத்தைச் சேதப்படுத்தினேன் என்று. விசாரணையில் மண்டபத்துத் தரப்பு ஒரு பெரிய படத்தை வண்ணத்தில் அச்சடித்துக் கொண்டுவந்து மேசையில் விரித்தது. புதுச் சாட்டிலைட் படம். "பாருங்க, இங்க ஓடையே கெடையாது. சிமெண்டுத் தரைதான் இருக்கு" என்றார்கள். நான் பழைய படங்களை வருஷ வரிசைப்படி அதன் பக்கத்தில் அடுக்கினேன். ஒரே வானம், ஒரே இடம். ஓடை இருக்கிறது, ஓடை இருக்கிறது, ஓடை குறுகுகிறது, ஓடை இல்லை.

"எது உண்மையான படம்?" என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"எல்லாமே உண்மை சார். இவங்க கடைசிப் படத்தை மட்டும் காட்டறாங்க. அன்னிக்கி எனக்குக் காட்டினவங்க பழைய படத்தை மட்டும் காட்டினாங்க. யாருக்கு எது வசதியோ அது."

அவர் நல்ல மனிதர். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "சுவர் விஷயத்துல உங்க பக்கம் நியாயம் இருக்கு. உத்தரவ மீறினதுக்கு மட்டும், சூழ்நிலையின் பதற்றத்துல தவறு நேர்ந்துட்டு, வருந்துகிறேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. முடிச்சிடலாம். பதவி உயர்வு வர்ற நேரம், எதுக்கு வம்பு?"

வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வருகிறேன் என்றேன். யோசித்தேன். ஒரு வரிதானே என்று என் மகளும் சொன்னாள். ஆனால் அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்துவிட்டால், அடுத்த கார்த்திகைக்கு வேறொரு குளத்தின் கரையில், வேறொரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற பெண் என்ன செய்வாள்? அன்றைக்கு இதே தவறுக்கு வருத்தம் தெரிவித்திருக்கிறார்கள் என்று அவளிடம் என் தாளையே எடுத்து நீட்டுவார்கள்.

மறுநாள் எழுதிக் கொடுத்தேன். அன்று எனக்குப் பதற்றம் இருந்தது. தவறு இல்லை. ஆட்கள் குடியிருக்கும் பக்கம் கரையை வெட்டச் சொல்லி மறுபடி உத்தரவு வந்தால் மறுபடியும் மீறுவேன். தண்ணீர் போகும் வழியில் மறுபடி சுவர் இருந்தால் மறுபடியும் இடிப்பேன். அவ்வளவுதான் எழுதினேன்.

கண்டனம் விதித்தார்கள். பதவி உயர்வு கையைவிட்டுப் போனது. எனக்குக் கீழே வேலை பார்த்தவர் எனக்கு மேலே வந்தார். அவரிடமும் ஒழுங்காகத்தான் வேலை பார்த்தேன். ஓய்வு பெறும்போது சங்கத்துக்காரர்கள் வந்து, மேல்முறையீடு செய்யுங்கள், அந்தக் கண்டனத்தை நீக்கிவிடலாம், ஓய்வு பெறும்போது பதிவேடு சுத்தமாக இருக்கட்டும் என்றார்கள். முடியாது என்றேன்.

அது அங்கேயே இருக்கட்டும். என் உத்தியோகத்தில் நான் செய்த வேலைகளில், எழுத்தில் பதிந்து நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிற வேலை அது ஒன்றுதான்.